டால்பின் பார்க்கத் தோதான ஆள்

கடலுக்குள் காற்றாலை நடும் கம்பெனிக்கு டால்பின் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. தூண் அடிக்கும் ராட்சதச் சம்மட்டியின் சத்தம் டால்பினின் காதைக் கிழித்துவிடும். அதனால், அடிப்பதற்கு முன் ஒருவர் படகில் நின்று அரை மணி நேரம் கடலைப் பார்க்க வேண்டும். அருகில் ஒன்று தென்பட்டாலும் வேலையை நிறுத்த வேண்டும் என்பது விதி. நேர்காணலுக்கு வந்த பன்னிரண்டு பேரில், வெளியே போகும்போது கதவென்று நினைத்து அலமாரியைத் திறந்தவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அவர் பள்ளி ஆய்வகத்தில் இருபது வருடம் குடுவை கழுவியவர். "ஒழுக்கத்தப் பாத்துத்தான் எடுத்திருக்காங்க" என்று மனைவியிடம் சொன்னார். அலமாரி விஷயத்தையும் மறைக்கவில்லை.

"நீங்க கதவயும் பாத்திருக்கலாம்" என்றாள் அவள்.

எட்டு மாதம் தவறாமல் படகேறினார். தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமல் நின்று, படிவத்தில் 'தென்படவில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். பொய்யில்லை, எதிரே நின்ற கலங்கரை விளக்கமும்தான் அவருக்குத் தென்படவில்லை. "உங்கள மாதிரி ஆள் கெடைக்கறது கஷ்டம் சார்" என்று மேலாளர் மனமாரப் பாராட்டினார்.

ஒரு காலை, காற்றே இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால் புஸ்ஸென்று ஒரு மூச்சு. ஒட்டினாற்போல இன்னொன்று, சின்னதாக. தாயும் குட்டியும். பதறிப்போய்ச் சிவப்புக் கொடியைத் தூக்கினார்.

மேலாளர் ஓடிவந்தார். "எங்க? காட்டுங்க!"

"பாக்கல சார். மூச்சு விட்டுச்சு. ரெண்டு."

"படிவத்துல தென்பட்டதா, தென்படலயான்னுதான் இருக்கு. காதுல கேட்டதுக்குக் கட்டம் இல்லயே!"

அவர் 'தென்படவில்லை'யில் டிக் அடித்தார். சம்மட்டி இறங்கியது. ஒவ்வோர் அடியும் அவர் நெஞ்சுக்குள் விழுந்தது. அன்று சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பியது.

விஷயம் தெரிந்த மனைவி மறுநாளே அவரைக் கண் மருத்துவரிடம் இழுத்துப் போனாள்.

"இந்தக் கண்ண வெச்சுக்கிட்டு என்ன வேல பாக்கறீங்க?" என்றார் மருத்துவர்.

"பாக்கற வேலதாங்க."

இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். திரும்பி வந்த முதல் நாள் நான்கு டால்பின், மறுநாள் ஏழு. ஒரு வாரம் சம்மட்டி அசையவில்லை. எட்டாம் நாள் அவருக்குப் பதவி உயர்வு வந்தது: கரையில், மின்விசிறிக்கு அடியில், பழைய படிவங்களைச் சரிபார்க்கும் அலுவலர்.

உட்கார்ந்த இடத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. தனக்கு முன்பிருந்தவர் மூன்று வருடம் கொடுத்த படிவங்களை வரிசையாகப் பரப்பினார். எல்லாம் ஒரே தாளின் நகல்; எல்லாவற்றிலும் ஒரே மூலையில் ஒரே தேநீர்க் கறை. தேதி மட்டும் மாறியிருந்தது. படகு பழுதுக்குப் போயிருந்த நாட்களிலும் கடலில் டால்பின் தென்படவில்லையாம். படிவங்களைக் கயிறு போட்டுக் கட்டி, தானே சுமந்துபோய்ச் சுற்றுச்சூழல் வாரியத்தில் வைத்தார்.

மேலாளர் கொதித்தார். "உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேல?"

"நீங்கதான சார் குடுத்தீங்க?"

வேலை போயிற்று. கம்பெனியின் வேலையும் இருபத்தொரு நாள் நின்றது. மறுபடி தொடங்கும்போது, வாரியம் தன் சார்பில் டால்பின் பார்க்க ஓர் ஆளைப் படகுக்கு அனுப்பியது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், மேலாளரே தன் பழைய ஆளுக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டார்.