மத்தியான மாத்திரை

குற்றாலத்தில் குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது என் தொழில். சர்க்கரை குறையவில்லை என்று தென்காசி ஆஸ்பத்திரி டாக்டர் எனக்கு இன்சுலின் ஊசி எழுதத் தொடங்கினார். என் மருந்துப் பையைப் பார்த்த நர்சம்மா, “மத்தியான மாத்திரை எல்லாம் அப்படியே கிடக்கே, அண்ணாச்சி?” என்றார்.

கூச்சத்தோடு உண்மையைச் சொன்னேன். “சாப்பிட்ட பொறவு போடச் சொன்னீய. மத்தியானம் நான் சாப்பிடுததில்ல. எந்திரிச்சுப் போனா, வந்த ஆளை அடுத்தவன் கூட்டிட்டுப் போயிருவான்.”

“ஊருக்கே எண்ணெய் தேய்ச்சுட்டு வயித்தக் காயப்போடுதீயளாக்கும்!” என்று சிரித்தவர், டாக்டரிடம் திரும்பினார். “இவருக்கு மருந்து போதாம இல்ல சார், ஒரு வேளைச் சோறு போதல. அதையும் சீட்டுல எழுதுங்க.”

டாக்டர் சீட்டில் எழுதிய ஊசியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, காலையும் இரவும் மட்டும் போடும்படி மாத்திரையை மாற்றினார்.

பட்டினியை நான் வெட்கப்பட்டு மறைத்திருந்தேன். அந்த அம்மா காய்ச்சலைச் சொல்வதுபோல் அதைச் சாதாரணமாகச் சொன்னார். அன்றுதான் என்னால் டாக்டரின் முகத்தை நேராகப் பார்க்க முடிந்தது.