திருச்சிக்குப் பறந்த அம்மா

இன்று அம்மாவோடு திருச்சிக்கு வந்து இறங்கிவிட்டேன்! தீபாவளிக்கு அக்கா வீட்டில் இருப்போம். அக்காவின் மகளை அம்மா இதுவரை போட்டோவில்தான் பார்த்திருந்தார்.

எங்கள் இருவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். அம்மா பயப்படுவாரென்று இலங்கையில் எங்கள் ஊரான ஓப்பநாயக்கவிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் வரை தைரியம் சொல்லிக்கொண்டே வந்தேன். மேகத்துக்குள் விமானம் குலுங்கியபோது எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

“என்னடா இது? நம்ம தோட்டத்து ரோட்டுல பஸ் இதவிட மோசமா ஆடுமே! கண்ணத் தொறந்து என்கூடப் பேசிக்கிட்டு வா” என்றார் அம்மா.

பேசப் பேசப் பயம் போய்விட்டது.

வெளியே அக்காவைக் கண்டதும் அம்மா ஓடினார். குழந்தை அழாமல் அவர் தோளில் சாய்ந்துகொண்டது. அக்காதான் அழுதாள்.

பெட்டிகளோடு நின்ற என்னை ஒருவரும் ‘வா’ என்றுகூடச் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் தம்பிகளுக்கு இதே மரியாதைதானா?