அம்மாவின் குதிகாலும் நான்கு டயர்களும்

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது நான் பனி பெய்யும் ஒரு ஊரில் இருந்தேன். செய்தி வந்த மறுநாளே கிளம்பிவிட்டேன். கணவரையும் மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகளையும் அங்கேயே விட்டுவிட்டுத் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியபோது அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"பிள்ளைய ஆரு பாக்கா?" என்றாள். அதுதான் முதல் கேள்வி.

"அவ அப்பா இருக்காருல்லா" என்றேன்.

நான் ஒரே பிள்ளை. அப்பா இல்லை. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அம்மாவைக் கூட்டி வந்து, முன்னறையில் கட்டிலைப் போட்டு, நானே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். ஐப்பசியில் பெய்யும் துலா மழை சமயம். மத்தியானம் ஆனால் வானம் கறுத்து இடி இடிக்கும். துணி எதுவும் காயாது. அம்மாவின் விரிப்புகளை மின்விசிறிக்குக் கீழே நாற்காலிகளில் விரித்துப் போட்டிருப்பேன். வீடு முழுக்க ஈரமும் மருந்துமாக ஒரு வாடை.

ஒரு நாள் நான் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது கணவர் கூப்பிட்டார். அங்கே அப்போது காலை நேரம்.

"வண்டிக்கு டயர் மாத்தணும் போல இருக்கு. பாத்துச் சொல்லுதியா?"

எங்கள் வீட்டில் வண்டி என் பொறுப்பு. அவர் திருநெல்வேலிக்காரர். அங்கே போன பிறகுதான் கார் ஓட்டக் கற்றார், அதுவும் அரைமனதாக. எங்களுடையது மின்சாரக் கார். கோடைக்கு ஒரு செட், பனிக்கு ஒரு செட் என்று இரண்டு வகை டயர்களும் வைத்திருந்தோம். பனி டயர்கள் தேய்ந்துவிட்டன என்று கடைக்காரர் போன வசந்தத்திலேயே சொல்லிவிட்டார். பனிக்காலம் வருவதற்குள் புதிதாக வாங்கிவிடலாம் என்று பழையவற்றை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குள் அம்மா விழுந்துவிட்டாள். கோடை டயர்களும் பழையவைதான்.

"அங்க பனி விழ ஆரம்பிச்சுட்டா?" என்று கேட்டேன்.

"லேசா. வருசத்துக்கு ரெண்டு தடவ கழட்டி மாட்டுற வேலையெல்லாம் என்னால ஆகாது. எல்லாக் காலத்துக்கும் ஒண்ணு இருக்காம்லா? அதப் பாரு."

"அவசரமா?"

"அவசரம்லாம் இல்ல. சீக்கிரம் பாத்துட்டா நல்லது. அத்தை எப்படி இருக்காங்க?"

அன்றிலிருந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டயர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். மின்சாரக் காரில் பேட்டரியே பெரும் பாரம். அதனால் எடை தாங்கும் எண் கூடுதலாக உள்ள டயர்தான் வேண்டும். அழுத்தியதும் சட்டென்று பாய்கிற வண்டி என்பதால் சீக்கிரம் தேய்ந்தும் போகும். எஞ்சின் சத்தம் இல்லாததால் டயரின் இரைச்சல் பெரிதாகக் கேட்கும். அதற்காக உள்ளே பஞ்சு மாதிரி ஒன்றை ஒட்டித் தருகிறார்கள். பனிக்குத் தகுந்த மென்மையான ரப்பராக இருந்தால் ஒரு சார்ஜில் போகிற தூரம் குறையும். பக்கச் சுவரில் மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் போட்ட அடையாளம் இருந்தால்தான் நிஜப் பனியில் நம்பலாம். அங்கே எங்கள் ஊரில் சாலைப் பனியை அள்ளிவிடுவார்கள், ஏற்றமும் அதிகமில்லை. ஆகவே அந்த அடையாளம் உள்ள எல்லாக் கால டயரே போதும். உறைந்த பனிக்கட்டியில் மட்டும் அது பனி டயருக்கு ஈடாகாது. அங்கே மெதுவாகப் போக வேண்டியதுதான்.

இவ்வளவையும் தெரிந்துகொள்ள ஒரு பிற்பகல் போதும். நான் ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன்.

அம்மாவை வாக்கரைப் பிடித்து நடக்க வைக்க வேண்டும். அவளைத் தூக்கி நிறுத்தும்போது அவள் பல்லைக் கடிப்பதைப் பார்க்க வேண்டும். பெட்பேனை வைக்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், நானும் திருப்பிக்கொள்வேன். டயரில் அதெல்லாம் கிடையாது. இந்த எண், அந்த எண், இது நல்லது, அது வேண்டாம். கையில் போனை எடுத்ததும் எனக்கு மூச்சு விட முடிந்தது. மகளின் பாதுகாப்புக்காகத்தான் பார்க்கிறேன் என்பதால் யாரும் குறை சொல்லவும் முடியாது.

"நடக்கலாமா அம்மா?" என்று போனைப் பார்த்தபடியே கேட்பேன்.

"நீ அந்தக் காரியத்தப் பாரு மக்ளே. நாளைக்கு நடக்கலாம்."

"வலிக்குதா?"

"ஏய், ஒண்ணுமில்ல. சுகமாட்டு இருக்கு."

உடனே நம்பிவிடுவேன்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்காவை அம்மாவிடம் உட்கார வைத்துவிட்டு மருந்து வாங்கப் போனேன். மருந்தை வாங்கிய பிறகு வீட்டுக்குத் திரும்பாமல், தம்பானூர் பக்கம் ஆட்டோவில் போகும்போது பார்த்திருந்த ஒரு டயர் கடைக்குப் போய் நின்றேன். புது ரப்பர் வாசனை. டயரின் பள்ளங்களில் விரலை விட்டுப் பார்த்தேன். கடைக்காரர் வந்து, "மேடத்துக்கு எந்த வண்டி?" என்றார்.

"வண்டி இங்க இல்ல. பனியில ஓட்டணும். அந்த மாதிரி டயர் ஏதாச்சும் இருக்கா, சும்மா பாக்கத்தான்."

அவர் சிரித்துவிட்டார். "மஞ்சிலயா? இங்க எல்லாம் மழைக்குள்ளதுதான் உண்டு. மஞ்சு பாக்கணும்னா நானே எங்கயாவது போணும்."

மழை பிடித்துக்கொண்டது. அவர் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார். மழை நின்ற பிறகும் நான் உடனே எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா சமையலுக்கு நேரமாகிவிட்டது என்று போயிருந்தார். அம்மா தனியாகப் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழையில மாட்டிக்கிட்டேன் அம்மா."

"சாரமில்ல. நனையாம வந்தியே, அது போதும்."

அன்று சாயங்காலமே டயரை முடிவு செய்து கணவருக்கு அனுப்பினேன். நல்ல தேர்வு என்று அவர் சொன்னபோது பரீட்சையில் தேறியது போல இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பிசியோதெரபி செய்யும் பெண் வந்தாள். ஸ்கூட்டரில் வருகிற சின்னப் பெண். மழையால் நடுவில் சில நாள் வராமல் இருந்தவள். அம்மாவின் காலைத் தூக்கியவள் அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சேச்சி, இத பாத்தில்லே?"

அம்மாவின் குதிகாலில் தோல் கறுத்து, நடுவில் உரிந்து, ஈரமாக இருந்தது. அசையாமல் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்ததால் வந்த புண். தினமும் அந்தப் பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். போர்வையை விலக்கினால் தெரிந்திருக்கும்.

அவள் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன். "எப்ப இருந்து அம்மா?"

"கொஞ்சம் எரிச்சல் இருந்துது. பெறவு மரத்துப் போச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பிள்ளைக்க வண்டிக் காரியம் பேசிட்டு இருக்கேல்லா. அதுக்கு எடையில நான் எதுக்குன்னு."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அடுக்களைக்குப் போய் வெந்நீர் வைத்தேன்.

மறுநாள் மகள் வீடியோவில் பேசினாள். பாட்டியின் காலில் புண் என்றதும் அவள், "ரத்தம் வந்துச்சா? எனக்கும் நெத்தியில இடிச்சப்போ ரத்தம் வரல, வீங்குச்சு" என்றாள்.

"எப்ப இடிச்சுது?"

"வண்டி சுத்திப் போச்சுல்ல அன்னைக்கு. பாலத்துக்குப் பக்கத்துல. பனிக் குவியல்ல போய் முட்டி நின்னுச்சு. அப்பா சொல்லலையா?"

பின்னால் கணவரின் குரல் கேட்டது. அவர் போனை வாங்கிக்கொண்டார்.

"எப்ப நடந்தது இது?" என்றேன்.

"பெருசா ஒண்ணும் இல்ல. டாக்டர்ட்ட காட்டியாச்சு. வீக்கம் வத்திட்டு."

"எப்பன்னு கேட்டேன்."

"நான் டயர் பத்திக் கேட்டேம்லா. அதுக்கு முந்துன நாளு."

"அப்புறம் எப்படிப் பள்ளிக்கூடம் போறா?"

"பஸ்லதான். நான் கொண்டு போய் விடுதேன். வண்டிய எடுக்கல."

அவர்கள் குளிரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த நாட்களில் நான் இங்கே இரைச்சல் குறைவான டயர் எது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஏன் மறைச்சீங்க?"

"சொன்னா நீ என்ன செய்வ? டிக்கெட் போடுவ. அங்க அத்தைய யாரு பாப்பா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ அங்க அவங்கள நல்லா பாத்துக்கிடுத. அதக் கெடுக்க வேண்டாம்னுதான்" என்றார்.

அந்தக் குதிகால் புண் நான் கவனிக்காததால் வந்தது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா உடம்புக்குப் பாதகமில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அந்த வாரமே அவர் டயர்களை மாட்டிவிட்டார். கறுப்பாக, புது வரிகளோடு, பனி ஓரமாக நிற்கிற வண்டியைப் படம் எடுத்து அனுப்பினார். அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "மழைக்கும் மஞ்சுக்கும் இது ஒண்ணே போதுமா?" என்று ஆச்சரியப்பட்டாள்.

அலுவலகத்தில் விடுப்பை நீட்டிக் கேட்டேன். காலையும் மாலையும் அம்மாவின் காலைக் கழுவி மருந்து வைத்து, குதிகால் படுக்கையில் படாதபடி தலையணையில் தூக்கி வைத்தேன். நடக்க வைத்தேன். வலிக்குதா என்று கேட்பதை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். புண் ஆற வெகுநாள் ஆனது. அவள் வாக்கரைப் பிடித்து வாசல்வரை போய் மீன்காரியிடம் பேரம் பேசிவிட்டு வந்த அன்று, அவள் எனக்குத் தெரியாமல் கணவருக்குப் போன் செய்து, "இவள இனி அங்க கூப்பிட்டுக்கோங்க, எனக்கு எல்லாம் பேதமாயிட்டு, நல்லா நடக்கேன்" என்று சொல்லியிருந்தாள். அவர் சொல்லித்தான் அது எனக்குத் தெரிந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள வந்தார். கிளம்புகிற காலையில் அம்மா வாசலில் வாக்கரோடு நின்றாள். ஆட்டோவில் பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பினேன்.

"அங்க போயி என்னைய நினச்சிட்டு வண்டி ஓட்டாத, கேட்டியா" என்றாள்.

"இல்லம்மா."

போய்ச் சேர்ந்த வாரத்தில் நல்ல பனி. மகளைப் பள்ளிக்கு நான்தான் கூட்டிப் போனேன். புது டயர்கள் சாலையை நன்றாகப் பிடித்தன. மகள் பின்னால் உட்கார்ந்து வகுப்புத் தோழியின் நாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். இந்நேரம் அங்கே மத்தியானம் ஆகியிருக்கும், அந்த அம்மாள் போர்வையை விலக்கிப் பார்த்திருப்பாரா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கவனம் திரும்பியபோது, அன்று வண்டி சுற்றிப்போன பாலம் நேரே வந்திருந்தது. சட்டென்று பிரேக்கை மிதித்தேன். வண்டி ஒரு விரற்கடை நழுவி, பிடித்து நின்றது.

"ஏன் அம்மா நிறுத்தினீங்க?" என்று மகள் கேட்டாள்.

கண்ணாடியில் அவள் நெற்றியைப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.