அண்ணனின் பந்தைப் பிடித்தவர்கள்

எங்கள் அண்ணன் வட்டகொடைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், மூத்த பிள்ளையாகப் பிறந்தார். இரண்டு வருடம் கழித்து நான். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா கொழுந்தெடுத்தே எங்களை வளர்த்தார். பள்ளிக்கு வந்த ஜப்பான்கார ஆசிரியர் ஒருவர் பேஸ்போல் சொல்லிக்கொடுத்தார். பந்தை வீசுவது அண்ணன், குந்தி உட்கார்ந்து பிடிப்பது நான். கையுறை பள்ளியோடு சரி. வீட்டில் உரச்சாக்கை மடித்துக் கையில் சுற்றிக்கொள்வேன். என் மோதிர விரல் இன்றும் கோணல்தான். அதில் எனக்குப் பெருமை.

கொழும்பில் ஒரு கம்பெனி அணி அண்ணனைச் சம்பளத்துக்கு எடுத்தது. லயத்து வீடு கைவிட்டுப் போகாமலிருக்க அம்மாவுக்கு அடுத்து ஒருவர் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிய வேண்டும். நான் பதிந்தேன். அதற்காக நான் அழவில்லை. கொழும்பில் அண்ணனின் பந்தைப் பிடிக்க சுனில் என்று ஒருவர் இருந்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒருமுறை மேட்ச் பார்க்கப் போனேன். சுனில் விரலைக் காட்டுகிறார், அண்ணன் தலையாட்டுகிறார். இரண்டு பேருக்கும் தனிப் பேச்சு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாததற்கு அவர் சிங்களத்தில் என்னை "மல்லி" என்றார். தம்பி என்று கூப்பிட இவர் யார்?

தோள் தசை கிழிந்ததும் அண்ணன் ஊர் திரும்பி, தலவாக்கலையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். மழையானாலும் போவார். யாரையும் திட்டமாட்டார், தோற்ற பிள்ளைக்குத் தன் டீயைக் கொடுத்துவிடுவார். ஆனால் வாயைத் திறந்தால் சுனில் புராணம்தான். "அவன் கையில பந்து விழுந்தா அந்தச் சத்தமே வேறடா." நான் எழுந்து போய்விடுவேன்.

அண்ணனுக்கு ஈரல் நோய் முற்றியபோது சுனில் ரயிலேறி வந்தார். அண்ணன் வாசலில் நாற்காலியில் இருந்தார். "டேய் தம்பி, பந்த எடுத்துட்டு வா" என்றார். ஓடிப்போய் எடுத்து வந்தேன். அண்ணனோ சுனிலைப் பார்த்து, பந்தைப் பிடிக்கக் குந்தி உட்காரச் சொன்னார்.

"டீக்குப் பால்மா வாங்கிட்டு வர்றேண்ணே" என்று கடைக்கு இறங்கிவிட்டேன். வேண்டுமென்றே மெதுவாகத் திரும்பி வந்தேன். சுனில் பந்தை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தார்.

"எங்கடா போன? ரெண்டு பந்து போடலாம்னு இருந்தேன். ஒண்ணு அவனுக்கு, அடுத்தது ஒனக்கு. இப்ப கை ஏற மாட்டேங்குது" என்றார் அண்ணன்.

"நாளைக்குப் போடலாம்ணே."

மறுநாளும் கை ஏறவில்லை. நான்காம் நாள் அண்ணன் போய்விட்டார்.

அண்ணன் போன இந்த ஒரு வருடமாக அம்மாவுக்குத் துணையிருந்த உறவுகளுக்கும், வைத்தியர்களுக்கும், அண்ணனைத் தோளில் சுமந்த மாணவப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சுனில் அண்ணே, உங்களுக்கும்தான். கடைசிப் பந்தை நீங்கள் பிடித்தீர்கள். எனக்கென்று வைத்திருந்ததை நானே விட்டுவிட்டேன். உங்கள் மீது பொறாமை இன்னும் போகவில்லை.