ஆலந்தலையில் மூன்று படங்கள்

காலை 6.10. தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்திலிருந்து திருச்செந்தூர் வண்டி கிளம்பியது. நாற்பது கிலோமீட்டர், ஆளுக்கு முப்பத்தெட்டு ரூபாய். ஜன்னலோரம் வசந்தா. மதுரையில் என்னோடு மகளிர் கல்லூரியில் படித்தவள், இப்போது இந்த ஊரில் கணக்கு ஆசிரியை. இந்த வெக்கையிலும் மணிக்கட்டு வரை மூடிய சுடிதார். ஒன்பது ஆண்டுகளாக அவள் கைகளிலும் தோளிலும் முதுகிலும் வெண்புள்ளிகள் பரவிவருகின்றன. குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டாள்.

முத்தையாபுரம் தாண்டியதும் உப்பளங்கள் தொடங்கின.

"பயமா இருக்குளா. படம் வெளிய போயிட்டா ஸ்கூல்ல எப்படி நிப்பேன்?"

"இறங்கித் திரும்பிருவோமா?"

"சும்மா இரு. டிக்கெட் எடுத்தாச்சு."

பெண்கள் தங்கள் உடலைத் தாங்களே பார்ப்பதற்காக, குறைந்த உடையில், நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு எடுத்துக்கொள்ளும் படம் அது. பெருநகரங்களில் 'பூட்வார்' என்று விளம்பரமே வருகிறது. தூத்துக்குடியில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் வசந்தாவிடம் கணக்குப் படித்தவர்கள். அதனால்தான் தன் படத்துக்கு வசந்தா தேர்ந்தெடுத்தது திருச்செந்தூரை அடுத்த கடற்கரை ஊரான ஆலந்தலை.

7.40. திருச்செந்தூர். ஆலந்தலைக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய்.

"போட்டோக்கார அக்கா வீட்டுக்கா? யாருக்குக் கல்யாணம்?" என்றார் ஓட்டுநர்.

"எனக்குத்தான் அண்ணாச்சி," என்றாள் வசந்தா. நாற்பத்தேழு வயது, காதோரம் நரை. அவர் அவசரமாக வண்டியைக் கடற்கரைப் பாதையில் திருப்பினார்.

பிரிஸ்கா கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர். மாடியறையின் கிழக்கு ஜன்னலுக்குக் கீழே கரையேற்றிய படகுகள். முதல் வேலையாக மூன்று பேரின் செல்போன்களையும் ஓர் ஓலைப்பெட்டியில் போட்டு மூடினார்.

"எடுக்குதது, பிரிண்டு போடுதது, அழிக்குதது எல்லாம் உங்க கண்ணு முன்னாடிதான் டீச்சர். கார்டையும் நீங்களே கொண்டு போயிருங்க."

நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

"வயித்த உள்ள இழுக்காதீங்க. மூச்சு விடுங்க."

"விட்டா அது வெளிய வருது."

"வரட்டும். அதுவும் நம்மளோடதுதான்."

9.15. என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். வசந்தா போர்வையைச் சுற்றிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஜன்னலைப் பார்த்தபடி ஒரு பெண்ணின் வெற்று முதுகு. ஒரே சீரான மாநிறம்.

"யாரு இது?" என்றாள் வசந்தா.

பிரிஸ்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "பழக்கத்துல கை போயிருச்சு டீச்சர். கல்யாணப் பொண்ணுன்னா எல்லாத்தையும் ஒரே கலராக்கித்தான் தரணும், இல்லன்னா ஆல்பத்தத் திருப்பிக் கொண்டாந்துருவாங்க."

ஒரு பொத்தானை அழுத்தினார். தோளில், முதுகெலும்போரம், இடுப்பில் வெண்புள்ளிகள் திரும்பி வந்தன. நான் திரையைப் பார்க்காமல் வசந்தாவைப் பார்த்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நாற்காலியை முன்னால் இழுத்து, புள்ளிகளின் ஓரத்தை விரலால் பின்தொடர்ந்தாள்.

"இடுப்புல இருக்கது எனக்குத் தெரியவே தெரியாதுளா," என்றாள். பிறகு பிரிஸ்காவிடம், "இதுதான் நான். இப்படியே போடுங்க."

மூன்று படங்கள் அச்சாகி வந்தன. கோப்புகள் அழிந்தனவா என்று இரண்டு முறை சரிபார்த்த பிறகுதான் மெமரி கார்டைப் பர்சில் வைத்தாள்.

11.05. திரும்பும் வண்டியில் வெயில் எங்கள் பக்கம். உப்பளம் வருவதற்குள் வசந்தா சுடிதாரின் இரண்டு கைகளையும் முழங்கை வரை மடித்துவிட்டாள். எதிர்வரிசைப் பெண் பார்த்தாள். வசந்தா பார்க்கவிட்டாள்.

மாலை மதுரைக்கு வண்டியேறும் முன் வசந்தா வீட்டில் எனக்கு ஒரு வேலை இருந்தது. அவள் பரணுக்கு ஏற, நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடியில் தடிமனாகத் தூசி. குளியலறைச் சுவரில் ஆணி அப்படியே இருந்தது.