கரண்ட் போயிடுச்சா, தம்பி?

ரெத்தினம் அண்ணன் ஓட்டிய மினி பஸ்ஸில் முன்பக்கத்து இடது சீட்டுதான் என் சீட்டு. திருக்காட்டுப்பள்ளியில் ஏறி, பூதலூர் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போகிறவள் நான். கதவை ஒட்டி உட்கார்ந்துகொண்டு வெண்ணாற்றுப் பாலம் வரும்வரை தூங்குவேன். அவர் ஓட்டினால் யாருக்கும் தூக்கம் வரும். அப்படி ஒரு நிதானம்.

அவருடைய அப்பா, அம்மா இரண்டு பேரும் பண்ணையில் கூலி வேலை பார்த்தவர்கள். இவரும் சின்ன வயதில் நாற்றுக்கட்டு தூக்கியவர்தான். டிராக்டர் கழுவப் போய், அதையே ஓட்டப் பழகி, பிறகு லாரிக்குப் போய், கடைசியில் எங்கள் ரூட்டுக்கு வந்து சேர்ந்தார். மகன் நெடுமாறன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். மகள் செம்மொழி தஞ்சாவூரில் பேங்க்கில் வேலை பார்க்கிறாள். "எங்க வீட்ல படிக்காதது நானும் அம்சமும் மட்டுந்தான்" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பெருமையாகச் சொல்வார். அம்சம் அவருடைய மனைவி.

பிள்ளைகள் சேர்ந்து ஊரில் தளம் போட்டு வீடு கட்டிக் கொடுத்தார்கள். பெரிய ஹால். அதில் அரசாங்கம் கொடுத்த சின்ன டிவி ஒரு மூலையில் பரிதாபமாக உட்கார்ந்திருந்தது. பெரிதாக ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று. எது என்பதில்தான் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒத்துவரவில்லை.

நெடுமாறனுக்கு பிளாஸ்மாதான். கறுப்பு கறுப்பாகவே தெரியும், கிரிக்கெட்டில் பந்து ஓடும்போது வால் முளைக்காது, ஓரமாக உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காது என்றான். செம்மொழி எல்சிடிதான் என்று நின்றாள். ஹாலில் ஜன்னல் பெரிது, பிளாஸ்மாவின் கண்ணாடியில் வாசல் வெளிச்சம் அப்படியே அடிக்கும். ஒரே சேனலைப் போட்டு வைத்தால் அதன் முத்திரை திரையில் கறையாகத் தங்கிவிடும். கரண்டையும் அள்ளிக் குடிக்கும். அது கரண்ட் கட் உச்சத்தில் இருந்த சமயம். ஊரில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்துகொண்டிருந்தது.

ரெத்தினம் அண்ணன் இதை பஸ்ஸுக்குள் கொண்டுவந்துவிட்டார். ஏறுகிறவர்களிடமெல்லாம் கேட்பார். "மாலதி, நீ படிச்ச பொண்ணு, சொல்லு. பிளாஸ்மாவா, எல்சிடியா?"

"நேர்ல பாத்துட்டு வாங்கண்ணே. உங்க கண்ணுக்கு எது புடிக்குதோ அத வாங்குங்க" என்றேன். எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை, காலை டிரிப்புகளை முடித்துவிட்டு, மாற்று டிரைவரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு, மனைவியோடு தஞ்சாவூர் போனார். மகள் நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். அங்கே நடந்ததை அம்சம் அக்கா என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வந்ததும் அவருடைய கை தானாகப் போய்க் கண்ணைப் பொத்திக்கொள்ளும்.

கடையில் சதீஷ் என்ற விற்பனைப் பையன், நாற்பத்திரண்டு இஞ்ச் பிளாஸ்மா ஒன்றையும் அதே அளவு எல்சிடி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே சேனலைப் போட்டான். பாட்டு நிகழ்ச்சி. ரெத்தினம் அண்ணன் இரண்டுக்கும் நடுவில் நின்றார். முன்னால் போனார், பின்னால் வந்தார். சட்டை வாங்கப் போன இடத்தில்கூட அவர் அவ்வளவு நேரம் நின்றதில்லை.

"இதுல செவப்பு நல்லா இருக்கு. ஆனா கண்ணாடி மாதிரி அடிக்குதே, ரோடெல்லாம் தெரியுது" என்றார் பிளாஸ்மாவைப் பார்த்து.

கடையின் வாசல் முழுக்கக் கண்ணாடி. மத்தியான வெயில் வலது பக்கத்திலிருந்து உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. பஸ் ஓட்டும்போது எதிர்வெயிலுக்குச் செய்வதுபோல அவர் வலது கையைத் தூக்கி வெயிலை மறைத்தார். கை கொஞ்சம் கூடுதலாகவே இறங்கி வலது கண்ணை மூடிவிட்டது.

அப்படியே நின்றார். பிறகு கேட்டார்.

"கரண்ட் போயிடுச்சா, தம்பி?"

சதீஷுக்குப் புரியவில்லை. "இல்லீங்களே சார். ஓடுதுங்களே."

"டிவிய அணைச்சிட்டியா?"

"ரெண்டும் ஓடுது சார்."

பாட்டுச் சத்தம் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அம்சம் அக்கா, மனுஷன் விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்திருக்கிறார். கையை எடுத்தார். இரண்டு டிவியிலும் பாட்டு, விளக்கு, ஆட்டம். மறுபடியும் வலது கண்ணை மூடினார். ஒன்றும் இல்லை. டிவி இல்லை, சதீஷ் இல்லை, மனைவி இல்லை, கடையே இல்லை.

"அம்சம்" என்று கூப்பிட்டார். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்ததாம். "அம்சம், நீ எங்க நிக்கிற?"

"இங்கதாங்க. உங்க பக்கத்துலதான் நிக்கிறேன். என்னங்க ஆச்சு?"

செம்மொழி ஓடிவந்து அப்பாவின் முகத்துக்கு நேராக விரலை நீட்டினாள். "எத்தனைப்பா?"

அவர் இன்னும் வலது கண்ணை மூடியபடிதான் நின்றார். விரல் நீட்டியிருக்கிறாள் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

சதீஷ் பதறிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டான், தண்ணீர் கொடுத்தான், கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துவந்தான். டிவியைப் பற்றி யாரும் பேசவில்லை. அங்கிருந்து நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குள் மருந்து விட்டு, இருட்டறையில் உட்காரவைத்து, ஏதேதோ கருவிகளில் தாடையை வைக்கச் சொல்லி, கடைசியில் மூன்று பேரையும் எதிரில் உட்காரச் சொன்னார்.

"ஐயா, உங்க இடது கண்ணுல பார்வை முழுசா போயிடுச்சு. இன்னைக்கு நேத்து போனதில்ல. கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி, கொஞ்சம் கொஞ்சமா நரம்பு செத்துப்போயிருக்கு. இதுல வலி இருக்காது. ஒரு கண்ணு கொறையக் கொறைய இன்னொரு கண்ணு ஈடு கட்டிக்கிட்டே வரும். அதனாலதான் உங்களுக்குத் தெரியல."

"திரும்ப வருங்களா?"

"வராதுங்க ஐயா. வலது கண்ணுலயும் ஓரம் கொறைய ஆரம்பிச்சிருக்கு. அத நிறுத்தி வைக்கலாம். தெனம் சொட்டு மருந்து விட்டே ஆகணும்." எழுதிக்கொண்டே கேட்டார். "என்ன வேலை பாக்குறீங்க?"

"பஸ் ஓட்டுறேங்க."

டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது. நிமிர்ந்து செம்மொழியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கடைசியா எப்ப ஓட்டினீங்க?"

"காலையில ரெண்டு டிரிப் அடிச்சிட்டுத்தாங்க வந்தேன். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க டிரிப்பு."

அதைச் சொன்னபிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். செம்மொழி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் வலது கண்ணை மூடுவதும் திறப்பதுமாக வந்தாராம். இடையிடையே ஏதாவது சொல்வார். பஸ்ஸின் இடது பக்கக் கண்ணாடி ஒரு தடவை புளியமரத்தில் இடித்து உடைந்தது, மரக்கிளை நீட்டிக்கொண்டிருந்ததால் இல்லை. கோனேரி வளைவில் சைக்கிள்காரன் திட்டினானே, அவன் சும்மா திட்டவில்லை. அப்புறம் அம்சம் அக்கா திரும்பிப் பார்த்தால், மனுஷன் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார்.

"காத்தாயி அக்கா" என்றார்.

முந்தின வருடம் களையெடுத்துவிட்டு ரோட்டோரமாக நடந்து வந்த காத்தாயியை பஸ் உரசித் தள்ளியது. வாய்க்காலில் விழுந்து கை முறிந்தது. தான் மண்ணில்தான் நடந்து வந்தேன் என்று அந்த அம்மாள் சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை. ரெத்தினம் ஓட்டி இப்படி ஆகுமா, கிழவிதான் ரோட்டுக்கு ஏறியிருக்கும் என்றுதான் ஊரே சொன்னது. இவரும் வண்டியை விட்டு இறங்கி, அத்தனை பேர் முன்னால், "கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு?" என்று கத்தியிருந்தார்.

மறுநாளே பஸ் முதலாளி தியாகேசனின் வீட்டுக்குப் போய்ச் சாவியைக் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலாளி அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெத்தினம், முட்டி வலின்னு சொல்லி நின்னுக்கப்பா. கண்ணுன்னு வெளியில சொல்லாத. இத்தன வருஷம் ஏறுன சனங்க என்னைய என்ன நெனைக்கும்?"

"என்னைய நெனைக்கட்டுங்க. நாந்தான ஓட்டினேன்."

திங்கட்கிழமை காலை நான் வழக்கம்போல பஸ் ஏறப் போனேன். ஸ்டியரிங்கில் வேறு ஆள். ரெத்தினம் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கீழே டீக்கடை வாசலில் நின்றார். பக்கத்தில் காத்தாயி. வளைந்து கூடிய கையை முந்தானைக்குள் வைத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலமே அவர் வீட்டுக்கு இவர் போயிருக்கிறார். நடந்ததைச் சொல்லிக் காலில் விழப்போனவரைக் காத்தாயி தடுத்துவிட்டார்.

"கால்ல விழுந்து என்னா ஆவப்போவுது? அன்னைக்கு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னீல்ல, இதையும் எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

அதற்காகத்தான் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். ரெத்தினம் அண்ணன் பஸ் படியில் ஒரு காலை வைத்து நின்று, உள்ளே இருந்தவர்களையும் வெளியே இருந்தவர்களையும் பார்த்துப் பேசினார்.

"எனக்கு இடது கண்ணு தெரியாதுங்க. எத்தன வருஷமா தெரியலன்னு எனக்கே தெரியாது. இந்த அக்கா மண்ணுலதான் நடந்து வந்திருக்கு. எனக்குத்தான் தெரியல. நாந்தான் இடிச்சுத் தள்ளினேன். தப்பு என்னுது."

பள்ளிக்கூடப் பையோடு நின்ற பிள்ளையைத் தாய் இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் என் சீட்டைப் பார்த்தேன். இடது பக்கம், கதவை ஒட்டி. அவருக்குத் தெரியாத பக்கம். அங்கே உட்கார்ந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன். டீக்கடையிலிருந்து ஒருவர், "அடப்பாவி, எம்புள்ளைங்க ரெண்டும் இதுலதானய்யா போச்சு" என்று கத்தினார். ரெத்தினம் அண்ணன் தலையைக் குனியவில்லை. அவர் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

காத்தாயி யாரையும் பார்க்கவில்லை. "கேட்டுக்கிட்டீங்கல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்கு நடந்தார்.

அதன்பிறகு பல நாள் ரெத்தினம் அண்ணன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. சம்பா அறுவடை நெருங்கியபோதுதான் பூதலூர் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போக ஆரம்பித்தார். பஸ்ஸில்தான் வந்து போவார். ஏறினால் சிலர் பேசுவார்கள், சிலர் பேசமாட்டார்கள்.

டிவி பேச்சைப் பொங்கலுக்கு முன்னால் செம்மொழிதான் மறுபடி எடுத்தாள். அவர் வேண்டாம் என்றார். "அத வாங்கப் போனதாலதாம்ப்பா இந்தக் கண்ணாவது மிச்சம்" என்று அவள் சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார். சதீஷையே கேட்டார்கள். இருட்டறை மாதிரியான ஹாலாக இருந்தால் பிளாஸ்மா வாங்கலாம், உங்கள் ஜன்னலுக்கும் இன்வெர்ட்டருக்கும் எல்சிடிதான் சரி என்று அவன் சொன்னான். நெடுமாறனும் போனில் விட்டுக்கொடுத்துவிட்டான். அப்பாவுக்கு இப்படி ஆன பிறகு அவனுக்கு பிளாஸ்மாவோ எல்சிடியோ பெரிதாகத் தெரியவில்லை.

இந்த நோய் குடும்பத்தில் இறங்கும், பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா அன்றே சொல்லியிருந்தார். செம்மொழி உடனே போய்ப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு ஒன்றுமில்லை. நெடுமாறன்தான் நாளைக் கடத்திக்கொண்டே இருந்தான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவனை அப்பாவே தஞ்சாவூருக்கு இழுத்துக்கொண்டு போனார். "எனக்கு பேப்பர்ல இருக்குற பொடி எழுத்துகூட தெரியுதுப்பா" என்று வழியெல்லாம் சலித்துக்கொண்டு போனவன், பரிசோதனை முடிந்து வெளியே வந்ததும் மருந்துச் சீட்டை அப்பாவிடம் நீட்டினான்.

"என்னடா சொன்னாங்க?"

"எனக்கும் பிரஷர் இருக்காம்ப்பா. ரெண்டு கண்ணுலயும்."

தன் கண் போனதென்று கேட்டபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், இதைக் கேட்டதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையிலேயே சரிந்துவிட்டார். "நான் ஒனக்குக் குடுத்தது இதுதானாடா" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். நெடுமாறன் குனிந்து அவரைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

"அப்பா, இங்க பாருங்க. நரம்பு இன்னும் கெடலயாம். இப்பவே வந்ததால தப்பிச்சேனாம். மருந்து விட்டுக்கிட்டே இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்க. கேக்குதாப்பா?"

கேட்டது. ஆனாலும் மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டேதான் நடந்தார். மருந்துக் கடையில் இரண்டு புட்டி வாங்கினார்கள், அப்பாவுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. பஸ்ஸில் உட்கார்ந்ததும் நெடுமாறன் இரண்டையும் தன் பைக்குள் வைக்கப் போனான். ரெத்தினம் அண்ணன் விடவில்லை. மகனுடைய புட்டியை வாங்கித் தன் கைக்குள் மூடிக்கொண்டு, ஊர் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.