புத்தூர்க் கட்டில் வந்த பூஞ்சை

மூலிகைச் செடிகளின் இலைக்குள் சில பூஞ்சைகள், செடிக்கு எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் குடித்தனம் நடத்தும். அவற்றில் சில, கிருமியைக் கொல்லும் மருந்தைச் சுரக்கும். அப்படி ஒன்றை அந்த வருஷத்துக்குள் கண்டுபிடித்தால் எனக்கு முனைவர் பட்டம், ஜெர்மனியில் ஒரு ஆய்வகத்தில் வேலை. கூடப் படித்தவர்கள் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் திருப்பதியில் வேப்பிலை கழுவிக்கொண்டிருந்தேன். நான் வளர்த்த பூஞ்சைகளோ கிருமிகளோடு சமாதானமாக வாழ்ந்தன. பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

அந்த நேரம் பார்த்து, ஆய்வகத்தின் ஈரத் தரையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். நகரியில் விசைத்தறி ஓட்டும் என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, ஓடிவந்தார். எலும்பு முறிந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போவது எங்கள் பக்கத்தில், எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூரை அவமதிக்கும் காரியம். அங்கே பச்சிலை வைத்து, மேலே மூங்கில் தப்பை கொடுத்துக் கட்டி அனுப்பினார்கள். அந்தக் கையைப் பார்த்ததும் என் ஆய்வு நெறியாளர் அலறினார். கிருமி வராமல் துடைத்துத் துடைத்து வைத்திருந்த அறைக்குள் நான் ஒரு தோட்டத்தையே தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். அவர் சாப்பிடப் போனதும் இடது கையால் வேலையை முடித்தேன்.

சில நாள் கழித்து, கிருமி வளர்த்திருந்த கண்ணாடித் தட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பூஞ்சை. அதைச் சுற்றிக் கிருமியெல்லாம் செத்து, வட்டமாகத் தெளிந்திருந்தது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

"இதி ஏ செட்டம்மா?" என்று நெறியாளர் தெலுங்கில் கேட்டார்.

எந்தச் செடி என்று சொல்வது? கட்டு உரசிய இடத்தில் முளைத்திருந்தது. "என் கை சார்," என்றேன்.

செடியின் பெயர் தெரியாத பூஞ்சையை ஆய்வில் சேர்க்க முடியாது என்றுவிட்டார். என் கைக்கட்டோ அதற்குள் குப்பைக்குப் போயிருந்தது. புத்தூரில் கேட்டால், இலையின் பெயரைச் சொல்வதில்லை, உடைந்த கை இருந்தால் கொண்டு வா என்றார்கள்.

நைனாவிடம் புலம்பினேன்.

"அவ்ளோதானே? என் கை ஒடஞ்சிபோச்சின்னு சொல்லிக்கினு போறேன். கட்டுனதும் நீ பிரிச்சி இன்னா இலைன்னு பாத்துக்க."

பஸ் ஏறும்போதே முனக ஆரம்பித்துவிட்டார். கண்டக்டர் தன் சீட்டையே கொடுத்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன்.

புத்தூரில் கட்டுப் போடுகிறவர் நைனாவின் வலது கையை விரலால் தடவிக்கொண்டே வந்தார். குட்டு வெளிப்படப்போகிறது என்று எனக்கு வியர்த்தது. முழங்கைக்குக் கீழே அவர் விரல் நின்றது.

"இது ஒடஞ்சி பல வருஷம் ஆவுதே. கோணலா கூடிக்கினு கீது. அப்பவே ஏன் வரலை?"

நைனா முனகலை நிறுத்தினார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "தறியில நூல் சுத்தின பாவு உருளை கைமேல விழுந்திட்ச்சி. பொண்ணைக் காலேஜில சேத்த வருஷம். கட்டு கட்டிக்கினு குந்திக்கினா தறி ஓடுமா?"

வலியாவது குறையட்டும் என்று கட்டுப் போடுகிறவர் இலை வைத்துக் கட்டினார். வெளியே வந்ததும் நைனா கையை நீட்டினார்.

"பிரிச்சிப் பாரு. சீக்கிரம், இலை காஞ்சிடும்."

அந்தக் கையை மெல்ல இறக்கிவிட்டேன். கட்டு அப்படியே இருக்கட்டும் நைனா, வலி குறையட்டும் என்றேன். அவர் திட்டிக்கொண்டே வந்தார். பல நாள் கழித்துக் கட்டு அவிழ்ந்தபோது, எந்தச் செடி என்றே தெரியாதபடி இலை பொடிப்பொடியாக உதிர்ந்தது. பூஞ்சை ஆய்வில் சேராமலே வருஷம் முடிந்தது; ஜெர்மனியிலிருந்து அப்புறம் யாரும் என்னைக் கேட்கவில்லை.